அமிர்தநாதர் கழித்த பத்து வீதம்

உலகத்தில் சின்ன வெங்காயத்தின் விலையைப் பற்றி அமிர்தநாதருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்திருக்கலாம். ரொறன்ரோவில் அவர் ஒருவர்தான். அந்த ஒருவரை யாரும் தேடவில்லை என்பது 1989 பெப்ரவரியில், விமானத்தால் இறங்கிய மூன்றாவது கிழமையே அவருக்கு விளங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் விவசாய ஆராய்ச்சி நிலையமொன்றில் பன்னிரண்டு வருடம் பொருளியல் ஆய்வாளராக இருந்தவர். கிழமைக்கு இரண்டு நாள் சந்தைக்குப் போய் வெங்காயம், மிளகாய், புகையிலை என்று விலை எழுதி, அதை வைத்து இங்கிலாந்தில் முதுமாணிப் பட்டமும் எடுத்தவர். கனடாவில் பட்டங்களை மதிப்பிட்டுச் சொல்லும் அலுவலகத்துக்கு அதை அனுப்பினார். நாலு மாதம் கழித்து வந்த கடிதத்தை மூன்றுதரம் வாசித்த பிறகும், தன் பட்டம் இங்குள்ள எதற்குச் சமம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஏதோ ஒன்றுக்கு ஏறக்குறையச் சமம் என்று மட்டும் தெரிந்தது. நூற்று நாற்பத்துமூன்று வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டார். கடைசியில் அலுவலகக் கட்டடம் ஒன்றின் நிலத்தடிக் கார் தரிப்பிடத்தில் செக்யூரிற்றி வேலை கிடைத்தது. பனிக்காலத்தில் மேலே குளிருக்குச் செத்துக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் கீழே கதகதப்பாக இருந்தது. அதைத் தவிர அந்த வேலையைப் பற்றிச் சொல்ல நல்லதொன்றும் இல்லை.

சம்பளத்தில்கூட அவருக்குப் பெரிய மனக்குறை இருக்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த நாட்டில் யாராவது ஒருவர், அதிகாரம் உள்ள ஒருவர், "இவர் பொருளியல் நிபுணர்" என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நாற்பத்தேழு வயதில் அப்படியொரு ஆசை. மனைவி றோஸ்மேரிக்கு அது தெரியும். தெரிந்ததால் அவள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பஸ்ரியனுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. பஸ்ரியன் இவரைவிடப் பத்து வயது இளையவன், ஒரே பங்குக் கோயில்காரன், பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிறவன். 1993 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து கோயிலின் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது அவன் வந்து சொன்னான்:

"அண்ணை, உங்கட வெங்காயம் கனடாவுக்கும் வந்திட்டுது."

"என்ன கதை?"

"நான் துடைக்கிற ஒஃபீஸ் ஒண்டு, பதினோராம் மாடி. சுவரிலை இருக்கிற வெள்ளைப் போர்ட்டிலை வெங்காயம் எண்டு இங்கிலிசிலை பெரிசா எழுதி, கீழை கோடு கீறிக் கிடக்கு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நீங்கள் ஒருக்காக் காட்டினியளே ஒரு புத்தகம், அதிலை இருக்கிற அதே கோடு."

"உவர் அதைக் காட்டாத ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்றாள் றோஸ்மேரி. "பாதருக்கும் காட்டினவர். பாவம், அந்த மனுசன் அரைமணித்தியாலம் நிண்டு பாத்தது."

"அவையள் என்ன செய்யினம் அந்த ஒஃபீஸிலை?" என்று கேட்டார் அமிர்தநாதர்.

"எனக்கென்ன தெரியும். கம்பனியள் ஒண்டை ஒண்டு கோர்ட்டுக்கு இழுத்தா, எவ்வளவு நட்டமெண்டு கணக்குப் பாத்துச் சொல்லுற ஆக்களாம். அண்ணை, அந்தப் புத்தகத்தைத் தாங்கோ."

"எதுக்கு?"

"மேசையிலை வைக்கப் போறன்."

"விசரே உமக்கு? வேலை போயிடும்."

"துடைக்கிற வேலை போனா இன்னொரு துடைக்கிற வேலை. அது என்ன, உங்கட மாதிரி நூத்து நாப்பத்துமூண்டு விண்ணப்பம் போட்டா எடுக்கிறது?"

புத்தகம் என்று அவன் சொன்னது அமிர்தநாதரின் ஆய்வேடு. அதன் ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் கழிவைப் பற்றியது. வெங்காயம் பயிரிடும் கமக்காரன் சந்தைக்கு நூறு கிலோ கொண்டுபோனால் வியாபாரி பத்துக் கிலோவைக் கழித்துத் தொண்ணூறுக்குத்தான் காசு கொடுப்பான். மண், சருகு, அழுகல் என்று காரணம் சொல்வார்கள். கழுவித் துடைத்துப் பொட்டுப்போல் கொண்டுபோனாலும் பத்துக் கிலோ போகும். இதை எதிர்த்து அமிர்தநாதர் நாற்பத்தாறு பக்கமும் பதினெட்டு அட்டவணையும் எழுதியிருந்தார். கமக்காரன் மகனான பஸ்ரியன் அந்த அத்தியாயத்தைப் பற்றி முன்பே அபிப்பிராயம் சொல்லியிருந்தான்: "என்ரை அப்பருக்கு இது படிக்காமலே தெரியும் அண்ணை. அந்தாள் ஒரு தூசணத்திலை சொல்லி முடிச்சிடும்."

ஆய்வேடு செவ்வாய்க்கிழமை பதினோராம் மாடிக்குப் போனது. ரெலிபோன் இலக்கம் எழுதிய மஞ்சள் துண்டொன்றை அட்டையில் ஒட்டி, அந்த ஒஃபீஸ் பெரியவருடைய கதிரையிலேயே பஸ்ரியன் வைத்துவிட்டு வந்தான். மேசையில் வைத்தால் கடதாசிகளுக்குள் போய்விடும், கதிரையில் வைத்தால் இருக்கமுன் எடுத்துத்தானே ஆகவேண்டும் என்பது அவனுடைய விளக்கம்.

வியாழக்கிழமை ஒரு வெள்ளைக்காரக் குரல் அவர்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்றுக்குப் போன் எடுத்தது. கார்பெற் கழுவித்தர ஆள் பிடிக்கிற கம்பனி என்று நினைத்து றோஸ்மேரி இரண்டுதரம் வைத்துவிட்டாள். மூன்றாம்தரம் மகள் ஏஞ்சலா எடுத்தாள்.

"அப்பா, ஹீ சேய்ஸ் அவற்ற செயாரில உங்கட தீசிஸ் இருந்ததாம். லைக், எப்பிடி வந்ததெண்டு கேக்கிறார். வாட் டிட் யூ டூ?"

அமிர்தநாதர் ரிசீவரை வாங்கமுன் சேர்ட் பொத்தானைப் பூட்டினார்.

டன்லப் என்ற அந்தக் கணக்காளரிடம் நாலு பேர்தான் வேலை செய்தார்கள். அவர் கையில் அப்போது ஒரு வழக்கு இருந்தது. நகரத்துக்கு வடக்கே, கறுத்த சதுப்பு மண்ணில் வெங்காயம் போடும் கமக்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து பெரிய களஞ்சியம் ஒன்று கட்டுவித்திருந்தார்கள். காற்றோட்டத்துக்கு மெசின் பூட்டிய கம்பனி பிழையாகப் பூட்டியதால் 1991 விளைச்சல் முழுவதும் உள்ளுக்குள்ளேயே அழுகிவிட்டது. அழுகாமல் இருந்திருந்தால் அது எப்போது, என்ன விலைக்கு விற்றிருக்கும், எவ்வளவு மிஞ்சியிருக்கும்? கேள்வி அவ்வளவுதான். டன்லப்புக்கு ஐந்தொகைகள் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வெங்காயத்தை அவர் வட்டமாக வெட்டி மாவில் தோய்த்துப் பொரித்த நிலையில் மட்டுமே சந்தித்திருந்தார்.

"ஆறு மாத ஒப்பந்தம்," என்றார் டன்லப். "அறிக்கையை நீங்கள் எழுதுங்கள். நீதிமன்றத்தில் நீங்களே சாட்சி சொல்லவேண்டி வரும். அதற்கு உங்களை நிபுணர் என்று நீதிபதி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காவிட்டால் அறிக்கை குப்பைக்குள் போகும், நாங்களும் பின்னாலே போவோம்."

மற்றதொன்றும் அமிர்தநாதருக்குச் சரியாகக் கேட்கவில்லை. நீதிபதி, நிபுணர் என்ற இரண்டு சொற்களும் மட்டும் வீடுவரை கூட வந்தன.

ஆறு மாதம் பத்து மாதமானது. பழுப்புக் கோட்டொன்று வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு சதுப்பு நிலத்துக்குப் போய் முழங்கால்வரை சேற்றில் நின்று, பீற்றர் என்ற கமக்காரரிடம் நூற்றுப்பன்னிரண்டு கேள்வி கேட்டார். பீற்றர் ஒல்லாந்து வழிவந்த, ஆறரை அடி உயர மனிதர். "இந்த ஆளுக்கு என்னுடைய வெங்காயத்தை என்னைவிடப் பிடித்திருக்கிறது," என்று அவர் டன்லப்பிடம் முறையிட்டார். மழை, விலை, பெட்டிக் கூலி, களஞ்சியத்தில் தானாக வற்றிப்போகும் நிறை எல்லாவற்றையும் கம்பியூட்டரில் ஏற்றி, அறுபத்திரண்டு பக்க அறிக்கை எழுதினார். டன்லப் வாசித்தார், கமக்காரர்களின் சட்டத்தரணி வாசித்தார், ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. குறை சொல்லாததே அவருக்குப் பயமாக இருந்தது. சொந்த ஊரில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினாலும் மேலதிகாரி மூன்று சிவப்புக் கோடு போட்டுத்தான் திருப்பி அனுப்புவார்.

வழக்கு 1994 நவம்பரில், யூனிவர்சிற்றி அவெனியூ நீதிமன்றத்தில் வந்தது. மெசின் கம்பனியின் சட்டத்தரணி கிரெய்க்டன் என்பவர். உயர்ந்த, மெலிந்த மனிதர். செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரித் தாழ்ந்த குரலில் கதைத்தார். அதைக் கேட்டால், நமக்குத் தெரியாமல் நமக்கு வேண்டியவர் யாரோ போய்விட்டார் போலத் தோன்றும்.

"திரு. அமிர்தநாதர், டன்லப்பிடம் வருமுன் என்ன வேலை பார்த்தீர்கள்?"

"பாதுகாப்பு உத்தியோகத்தர்."

"எதைப் பாதுகாத்தீர்கள்?"

"நிலத்தடிக் கார் தரிப்பிடம்."

பின்வரிசை வாங்கில் யாரோ இருமினார்கள். இருமல் அல்ல என்று அவருக்குத் தெரியும். நீதிபதி நரைத்த குட்டை மயிர் வைத்த அம்மா. அவர் பேனையை நிமிர்த்தி, "இவர் நிபுணரா என்பதை எல்லாவற்றையும் கேட்ட பிறகு சொல்கிறேன், தொடருங்கள்," என்றார்.

கிரெய்க்டன் தொடர்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய உதவியாளர் ஒரு துண்டு நீட்டினார். அதை வாசித்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"நாற்பத்தோராம் பக்கம். நாலாவது நிரல். வாசிக்க முடியுமா?"

"களஞ்சியத்து நிறை, பெருக்கல், பூச்சியம் தசம் ஒன்பது."

"அந்தப் பூச்சியம் தசம் ஒன்பது எங்கேயிருந்து வந்தது?"

அமிர்தநாதர் தாளைப் பார்த்தார். தன்னுடைய எண்தான். தன்னுடைய நிரல்தான். காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த கணம் அவருக்கு விளங்கியது. பன்னிரண்டு வருடம் சந்தை நிறையை எழுதிய கை, எதையும் யோசிக்காமல், ஒன்பது கனேடியக் கமக்காரர்களின் வெங்காயத்திலும் பத்து வீதம் கழிவு எடுத்திருந்தது.

முன்வரிசையில் டன்லப் உதட்டை மெல்ல அசைத்தார். வற்றல். வற்றிப்போன நிறை என்று சொல்லு. நம்பக்கூடிய பதில்தான். வெங்காயம் களஞ்சியத்தில் வற்றும் என்பது யாருக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் வற்றலை அவர் ஏற்கெனவே மூன்றாவது நிரலில் கழித்திருந்தார்.

"அது பிழை," என்றார் அமிர்தநாதர்.

"மன்னிக்க வேண்டும்?"

"பிழை. என்னுடைய பிழை. அது அங்கே இருக்கக்கூடாது."

கிரெய்க்டனின் மேசையில் பதினொரு கேள்விகள் வரிசையாக எழுதியிருந்தன. எல்லாம் வற்றல் என்று சொன்னால் மூன்றாவது நிரலைக் காட்டி மடக்குவதற்கானவை. அவர் அந்தத் தாளை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன வகையான பிழை?"

அமிர்தநாதர் சொன்னார். சந்தை, தராசு, நூறு கிலோ, தொண்ணூறு கிலோ. நடுவில் நீதிபதி அம்மா குறுக்கிட்டார்.

"ஒவ்வொரு முறையுமா பத்து வீதம்?"

"ஒவ்வொரு முறையும்."

"அழுகாத வெங்காயத்துக்கும்?"

"அதற்குத்தான் கூடக் கவனமாக எடுப்பார்கள்."

"நீங்கள் அதைப் பற்றி என்ன செய்தீர்கள்?"

"ஒரு ஆய்வேடு எழுதினேன்."

"பலன் இருந்ததா?"

"இல்லை."

இந்தமுறை சிரிப்பை யாரும் இருமலாக மாற்றவில்லை. சுருக்கெழுத்துக்காரப் பெண்கூடக் கையை நிறுத்தினாள். கிரெய்க்டன் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"அப்படியானால், இலங்கையில் வியாபாரிகள் செய்கிறார்கள் என்று நீங்கள் குற்றம் சாட்டியதை, உங்களை நம்பிய ஒன்ராறியோக் கமக்காரர்களுக்கு நீங்களே செய்திருக்கிறீர்கள்."

"ஓம். இன்னும் மோசமாக. அந்த வியாபாரிகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எடுத்தார்கள். நான் நாற்பத்தோராம் பக்கத்தில் எடுத்திருக்கிறேன்."

"இதுபோல இன்னும் எத்தனை பழக்கங்கள் இந்த அறிக்கைக்குள் இருக்கின்றன?"

"எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நிரலாகக் கேளுங்கள்."

கிரெய்க்டன் கேட்டார். நிரல் நிரலாக, நீதிமன்றம் கலையும்வரை, ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் கேட்டார். பெட்டிக் கூலி எங்கேயிருந்து? இந்த ரசீதிலிருந்து. பெப்ரவரி விலை ஏன் கூடியது? இந்தப் பனிப்புயல். அமிர்தநாதரின் கால் மரத்தது. நின்று பழகிய கால்தான், ஆனால் தரிப்பிடத்தில் யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. கடைசியில் பக்க இலக்கம் ஒன்று இரண்டுதரம் அச்சாகியிருப்பது மட்டும் பிடிபட்டது.

லிப்டில் இறங்கும்போது டன்லப் ஒரே வசனம் சொன்னார். "வற்றல் என்று சொல்லியிருக்கலாம்."

"வற்றல் மூன்றாவது நிரலில் இருக்கிறது."

தரைத்தளம் வரும்வரை இருவரும் கதவுக்கு மேலே மாறும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பஸ்ரியன் குசினி மேசையில் இருந்தான். செய்தி கேட்க என்று வந்திருந்தான். அமிர்தநாதர் கோட்டோடேயே கதிரையில் இருந்துகொண்டு நடந்ததைச் சொல்லி முடித்தார். நாளைக் காலை பத்து மணிக்கு நீதிபதி முடிவு சொல்வார் என்றும் சொன்னார்.

"எல்லாருக்கும் முன்னாலை பிழையெண்டு சொன்னனீங்களோ?" என்று கேட்டாள் றோஸ்மேரி.

"ஓம்."

"அண்ணை," என்றான் பஸ்ரியன், "இந்த ஊருக்கு வந்திறங்கின எங்கட சனம் அகதிக் கேஸுக்கு என்னென்ன கதை எல்லாம் விட்டவை. நான் விட்ட கதையை நானே இப்ப நம்பிறன். உங்களுக்கு ஒரு வெங்காயப் பொய், ஒரேயொரு சொல்லு, அது வரேல்லையே?"

"வந்தது. வாய் வரைக்கும் வந்தது."

"பிறகு?"

"மூண்டாம் நிரலிலை ஏற்கெனவே கிடந்தது, பஸ்ரியன். ஒரே வெங்காயம் ரெண்டுதரம் வத்தாது."

பஸ்ரியன் றோஸ்மேரியைப் பார்த்தான். "அக்கா, இந்தாளைத் திருப்பி கார் பாக்கிற வேலைக்கே அனுப்புங்கோ. அங்கை வத்தல் ஒண்டும் இல்லை."

"நீ வாயை மூடிக்கொண்டு சாப்பிடு," என்றாள் அவள். பிறகு கணவரிடம், "இஞ்சருங்கோ, அந்தக் கோட்டைக் கழட்டுங்கோ. நாளைக்கும் அதைத்தானே போடவேணும்," என்றாள். குரல் வழமைபோலத்தான் இருந்தது. சோறு மட்டும் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

காலையில் டன்லப் முதல் நாள் கழுத்தில் கட்டியிருந்த அதே ரையோடு வந்திருந்தார். நீதிபதி அம்மா கண்ணாடியை மாட்டினார்.

"இந்தச் சாட்சியின் தகைமை பற்றி நேற்று ஆட்சேபம் சொல்லப்பட்டது," என்று வாசித்தார். "தனக்கு வசதியான ஒரு பதில் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தபோது அவர் அதை எடுக்கவில்லை. பிறகு கேட்கப்பட்ட எந்த நிரலும் ஆட்டங்காணவில்லை. விவசாயப் பொருளியலிலும் வர்த்தக நட்டங்களை மதிப்பிடுவதிலும் இவரை நிபுணர் சாட்சியாக இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது."

சுருக்கெழுத்துக்காரப் பெண்ணின் விரல்கள் ஓடின. அமிர்தநாதர் நீதிபதியைப் பார்க்கவில்லை, அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொல் விழுந்து அவள் கை நின்ற பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. இடைவேளையில் போய், அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று எடுக்க எவ்வளவு செல்லும் என்று அவளிடம் கேட்டார். எத்தனை வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். விரல்விட்டு எண்ணி, நாலு என்றார்.

வழக்கு அந்தக் கிழமையே சமரசமாக முடிந்தது. கழிவாகப் போன பத்து வீதத்தில் பாதியைக் கமக்காரர்களின் சட்டத்தரணி இழுபறிப்பட்டு மீட்டார். மற்றப் பாதி போய்விட்டது. பீற்றர் அமிர்தநாதரின் கையைப் பிடித்து, தோள்மூட்டு கழன்றுவிடும் அளவுக்குக் குலுக்கினார். "அடுத்தமுறை பிழை விடுவதென்றால் அவர்களுடைய பக்கத்தில் விடு," என்றார். அமிர்தநாதர் தன் பிழைக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஒன்பது பேருக்கும் தபாலில் போட்டார். அனுப்ப வேண்டாம் என்று டன்லப் மன்றாடிப் பார்த்தார்.

தையில் கிரெய்க்டனிடமிருந்து போன் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வழக்கு முடிந்த பிறகும் இந்த மனிதனுக்கு இன்னும் என்ன நிரல் மிச்சம் என்று யோசித்துக்கொண்டு அமிர்தநாதர் போனார். நீதிமன்றத்துக்கு வெளியிலும் கிரெய்க்டனுக்கு அதே செத்தவீட்டுக் குரல்தான். சூப் கொண்டுவந்தவளிடம் உப்புக் கேட்டபோதுகூட அவள் முகம் கவலைப்பட்டது.

"என்னிடம் ஒரு வழக்கு இருக்கிறது," என்றார். "ஓய்வூதியக்காரர்கள் முப்பது பேர். பங்குத் தரகர் ஒருவர் அவர்களுடைய சேமிப்பை வாங்கி விற்று, வாங்கி விற்று, கரைத்துவிட்டார். எவ்வளவு கரைத்தார் என்று ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும்."

"பங்குச் சந்தை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது."

"ஒன்ராறியோ வெங்காயம் பற்றியும் தெரியாமல்தானே வந்தீர்கள்."

"அது வெங்காயம்."

"திரு. அமிர்தநாதர், உங்களை உடைக்க மூன்று மணித்தியாலம் செலவழித்தேன். அந்த மூன்று மணித்தியாலத்துக்கும் என் கட்சிக்காரர் சதம் சதமாகக் காசு கட்டினார். இனி நீங்கள் எதிர்ப்பக்கத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. வேலைக்கு ஏதாவது நிபந்தனை உண்டா?"

அமிர்தநாதர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் கழிப்பது, கூட்டுவது எல்லாவற்றையும் முதற் பக்கத்திலேயே எழுதுவேன். யாரும் கேட்காவிட்டாலும்."

"எழுதுங்கள்."

"அது எந்தப் பக்கத்துக்குச் சாதகம் என்று எழுதி முடித்த பிறகுதான் பார்ப்பேன்."

கிரெய்க்டன் சூப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் இவரைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு பிரதி," என்றார், "யாருக்குச் சாதகம் என்று நீங்கள் பார்க்க முதலே அனுப்பிவிடுங்கள்."